முக்கில்லாத ஊர்

நம்பிராஜனின் வீடு பாளையங்கோட்டையிலிருந்து முத்துறைக்கு மாற்றப்பட்டபோது சாமான் எதுவும் உடையவில்லை. அந்த மட்டுக்கும் வேலை சுத்தம். குக்கர் அடுப்பின் மேல் வைத்தபடியே இருந்தது. செண்பகத்தின் தையல் மிஷின் ஜன்னலோரமாகவே இருந்தது. ஜன்னல்தான் இல்லை. அந்த இடத்தில் மண் சுவர் நின்றது. மேலே காங்கிரீட்டுக்குப் பதில் ஓலை.

செண்பகம் வாசல்வரை போய்ப் பார்த்துவிட்டு வந்தாள். எதிரே ஆறு ஓடிக்கொண்டிருந்தது. தெருவில் ஈ காக்கா இல்லை.

“பால்காரர் எப்ப வருவாரு?”

“இங்க பால்காரர் கெடையாது” என்றான் நம்பி. “நான் வைக்கல.”

“காய்க்காரி?”

“அவ உண்டு. ஆனா இந்தப் பக்கம் வரமாட்டா.”

“ஏன் வரமாட்டா?”

நம்பி ஓலையை அண்ணாந்து பார்த்தான். அதற்கும் காரணம் அவன்தான்.

முத்துறை அவன் கம்ப்யூட்டரில் கட்டிய ஊர். பாண்டியர் காலத்துத் துறைமுகம் என்று விளையாட்டின் முகப்பில் போட்டிருக்கும். எந்தப் பாண்டியர் என்று போட்டிருக்காது. முதலில் வெறும் புல்வெளியும் ஓர் ஆறும் கொடுப்பார்கள். அதில் நாம் சாலை போட வேண்டும், குடிசை வைக்க வேண்டும், கிணறு வெட்ட வேண்டும். சாயங்காலம் டைல்ஸ் கடையிலிருந்து வந்ததும் நம்பி அதன் முன்னால்தான் உட்காருவான். செண்பகம் ஜன்னலோரம் பிளவுஸ் தைத்துக்கொண்டிருப்பாள். மிஷின் சத்தமும் மவுஸ் சத்தமும் மட்டும் கேட்கும். சண்டை சச்சரவில்லாத வீடு என்று அக்கம்பக்கத்தில் பேர்.

டைல்ஸ் கடையில் நம்பி நாள் முழுக்க டைல்ஸ் எடுத்துக் காட்டுவான். புருஷனுக்கு வெள்ளை பிடிக்கும். பெண்டாட்டிக்குச் சாம்பல் நிறம் பிடிக்கும். மாமியார் தரையில் காலைத் தேய்த்துப் பார்த்து வழுக்குகிறது என்பார். கடையிலுள்ள அத்தனையையும் எடுத்துப் போட்ட பிறகு “பாத்துட்டு வாரோம்” என்று போய்விடுவார்கள். மனுஷனுக்கு என்ன வேண்டும் என்பது மனுஷனுக்கே தெரியாத உலகம் அது.

முத்துறையில் அந்தத் தொல்லை இல்லை. தெருவில் போகிற யாரையாவது மவுஸால் தொட்டால் போதும். அவர் நின்று, தன் குறையை ஒரே வாக்கியத்தில் சொல்வார். பக்கத்துல கெணறு இல்ல. வைத்தியர் வரல. சாமிக்குத் திருவிழா எடுக்கல. நாம் கிணற்றை வைத்தால் மண் வீடு செங்கல் வீடாகும். வைத்தியரை வைத்தால் அதற்கு ஓடு ஏறும். ஒரு கிணறு வைத்ததற்கு ஒரு வீடு உடனே நன்றி காட்டும் ஊர் பூலோகத்தில் வேறெங்காவது உண்டா? இதை வெறும் விளையாட்டு என்று சொல்கிறவர்களோடு எனக்குப் பேச்சில்லை. அவர்கள் எந்த வீட்டையும் சந்தோஷப்படுத்திப் பார்த்ததில்லை.

ஆற்று வளைவில் நம்பி ஒரே ஒரு குடிசை வைத்திருந்தான். ஊரை விட்டுத் தள்ளி, ஒற்றையடிப் பாதைபோல ஒரு சாலை இழுத்து, கடைசியில் வைத்தது. மேலிருந்து பார்க்க அழகாக இருக்கும் என்பதுதான் காரணம். அதற்குத் தண்ணீர் உண்டா, சோறு உண்டா என்று அவன் கவலைப்பட்டதே இல்லை. இப்போது அவன் வீட்டை அங்கேதான் கொண்டுவந்து வைத்திருந்தார்கள். தன் வினை தன்னைச் சுடும் என்று சும்மாவா சொன்னார்கள்.

“ஆண்டவரே” என்று கீழேயிருந்து ஒரு குரல் கேட்டது.

மந்திரி ஓலைநாயகம். கம்ப்யூட்டரில் அவர் திரையின் இடப்பக்கக் கீழ் மூலையில் இருப்பார். இங்கேயும் அந்த இடத்தை அவர் விடவில்லை. நம்பி எங்கே நின்றாலும் அவனுக்கு இடப்பக்கம், கீழே. சமதரையில் அதற்காகக் குத்தவைத்து உட்கார்ந்திருந்தார்.

“இந்த வீட்டுல குறை இருக்கு” என்றார் ஓலைநாயகம். “குறை சேந்துட்டா குடி கெளம்பிரும்.”

“எந்தக் குடி? இங்க நானும் இவளும்தான இருக்கோம்.”

“நீங்க குடி இல்ல. ஆளுதவரு. குடின்னா அவங்க.” செண்பகத்தைக் காட்டினார்.

“கெளம்பி எங்க போவா?”

“எல்லைக்கு.”

“எல்லைக்கு அந்தப் பக்கம் என்ன இருக்கு?”

ஓலைநாயகம் மேற்கே எட்டிப் பார்த்தார். “அந்தப் பக்கம் வைக்கல” என்றார்.

குறை முற்றிய வீட்டுக்காரர்கள் கைவண்டியைத் தள்ளிக்கொண்டு எல்லைக்குப் போவதை அவன் திரையில் எத்தனையோ முறை பார்த்திருக்கிறான். எல்லையைத் தொட்டதும் இல்லாமல் போவார்கள். போனால் போகட்டும் என்று அடுத்த குடிசையை வைப்பான். இப்போது அது செண்பகம். அவள் இல்லாமல் அவனால் முடியாது. அவள்மேல் அவனுக்குக் கொள்ளை ஆசை. கல்யாணமான நாளிலிருந்து அதை அவளிடம் சொன்னதில்லை. டைல்ஸ் கடையில் இருப்பவர்களுக்கு அந்தப் பேச்செல்லாம் வராது.

“நிறுத்த முடியாதா?” என்று கேட்டான்.

“எதை?”

“எல்லாத்தையும். கொஞ்ச நேரம். யோசிக்கணும்.”

“அது மேலேருந்து வெளையாடுதவங்களுக்கு” என்றார் ஓலைநாயகம்.

செண்பகம் மண் சுவரைத் தடவிப் பார்த்துக்கொண்டு நின்றாள். “ஏங்க, இங்க பாருங்க. இந்த மிஷினுக்கு நேரே ஒரு…”

நம்பி அவசரமாக அவள் தோளைத் தொட்டான்.

செண்பகத்தின் கண் நேரே நிலைத்தது. “ஐயா, பக்கத்துல கெணறு இல்ல. சந்தைக்காரி இந்தப் பக்கம் வரல” என்றாள். அப்புறம் கண்ணைச் சிமிட்டினாள். “இப்ப நான் என்னமோ சொன்னேன்லா?”

“கெணறு வேணும்னு சொன்ன. சந்தைக்காரி வரணும்னு சொன்ன.”

“ஒங்கள எதுக்கு ஐயான்னு கூப்பிட்டேன்?”

“இங்க அதான் முறை.”

“நான் ஜன்னலப் பத்தில்லா சொல்ல வந்தேன்” என்றாள் செண்பகம். ஆனால் நம்பி அதற்குள் செருப்பை மாட்டிவிட்டான். வேலை தெரிந்துவிட்டது. வேலை தெரிந்தால் அவனுக்குக் கை சும்மா இருக்காது.

முத்துறையில் எதையாவது வைக்க வேண்டுமென்றால் ஆட்காட்டி விரலை நீட்டிப் பொருளின் பெயரைச் சொல்ல வேண்டும். வைக்கக்கூடிய இடமானால் தரை பச்சையாகும். கூடாத இடமானால் சிவப்பாகும். மேலிருந்து பார்த்தபோது இது சுலபம். தரையில் நின்று பார்த்தால் எல்லாத் தரையும் ஒரே தரைதான். முன்னால் இருக்கும் சுவர் பின்னால் இருப்பதை மறைத்தது. நம்பி எட்டி எட்டிப் பார்த்தான். எங்கோ பச்சை தெரிந்தது. “கிணறு” என்றான்.

நெருங்கிப் போய்ப் பார்த்தால் அது வண்ணார் தெருவில் ஒருவர் வீட்டுக் கூடத்துக்குள் விழுந்திருந்தது. வீட்டுக்காரர் கிணற்றின் அந்தப் பக்கம் உட்கார்ந்து கஞ்சி குடித்துக்கொண்டிருந்தார். அவர் மனைவி இந்தப் பக்கம் இருந்தாள்.

“மன்னிக்கணும் அண்ணாச்சி” என்றான் நம்பி. “கை தவறிட்டு.”

“இருக்கட்டும். பக்கத்துல கெணறு இல்லன்னு நேத்துதான் சொன்னேன்.”

“இது கூடத்துக்கு நடுவுலல்லா இருக்கு?”

“பக்கந்தான” என்றார் அவர். ஊறுகாயைக் கேட்டு மனைவியைக் கூப்பிட்டார். அவள் கிணற்றைச் சுற்றிக்கொண்டு வரத் தொடங்கினாள். நம்பி புறப்படும்வரை அவள் வந்து சேரவில்லை.

அடுத்த கிணறு ஆற்றுக்குள் விழுந்தது. அதற்கடுத்தது ஒருவழியாக வீட்டருகே விழுந்தது. திரும்பிப் பார்த்தபோது மண் போய், வீட்டின் சுவர் செங்கலாகியிருந்தது. அவனுக்கு உடம்பெல்லாம் ஜிலுஜிலுவென்று ஒரு சுகம் ஓடியது. சொன்னால் வெட்கம், இந்தக் கலவரத்திலும் அந்தச் சுகம் குறையவில்லை.

இனி சந்தைக்காரி. செண்பகம் முதலில் கேட்ட காய்க்காரி அவள்தான், பேர் பேச்சியம்மாள். சந்தையிலிருந்து கூடையைத் தூக்கிக்கொண்டு கிளம்புவாள். எந்த வீட்டைக் கடக்கிறாளோ அந்த வீட்டுக்குச் சாப்பாடு உண்டு. நிற்கவோ விற்கவோ வேண்டாம். கடந்தால் போதும், அதற்குச் சேவை என்று பேர். தெரு இரண்டாகப் பிரிகிற முக்கில் நம்பி அவளை மறித்தான்.

“எங்க வீட்டுப் பக்கம் கொஞ்சம் வரணும்.”

“வழி திரும்புனா வருவேன்.”

“வழி எப்படித் திரும்பும்? நீங்கதான திரும்பணும்?”

“நானா?” பேச்சியம்மாளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. “முக்கு வந்தா காலு அதும்பாட்டுக்கு ஒரு பக்கம் திரும்பும். அது எந்தப் பக்கம்னு எனக்கு எப்படித் தெரியும்?”

“நீங்களா நெனச்சா முடியாதா?”

“நெனைக்கதுக்கு வேற ஆள வச்சிருப்பிய” என்றாள். அவள் கால் வடக்கே திரும்பியது. வடக்கே வீடே இல்லை, நெற்களஞ்சியம்தான். பேச்சியம்மாள் நெல்லுக்குக் காய்கறி கொண்டுபோனாள்.

விளையாடத் தெரிந்தவர்களுக்கு இதற்கு வைத்தியம் தெரியும். ஊரில் முக்கே இருக்கக் கூடாது. முக்கு இருந்தால்தானே கால் கண்ட பக்கம் போகும்? கிளைத் தெருக்களை இடித்துவிட்டு ஒரே ஒரு வட்டச் சாலை வைத்தால், கிளம்பினவர் எல்லா வீட்டையும் கடந்துதான் ஆக வேண்டும். ஊர் அமைப்பவர்களுக்குள் இது பெரிய வித்தை. ஒரு சாலைக்கு இருபுறமும் வீடு, நடுவில் இடைவெளியே இல்லாமல் சேவை. கம்ப்யூட்டரில் முத்துறையின் அழகு கெடும் என்று நம்பி இதைச் செய்யாமலே வைத்திருந்தான்.

இப்போது விரலை நீட்டி “இடி” என்றான். குயவர் தெரு போயிற்று. “இடி” என்றான். கொல்லர் தெரு போயிற்று. வீடுகளை அவன் இடிக்கவில்லை, சாலையைத்தான் எடுத்தான். சாலை போன வீடுகள் கொஞ்சம் குறுகி, மண் சுவராகி, பிறகு வாசலில் கைவண்டியோடு நின்றன. ஆற்று வளைவுக் குடிசைக்குப் போன ஒற்றைச் சாலையை இழுத்து வளைத்து வட்டத்தோடு சேர்த்தான். முடிந்தபோது முத்துறையில் ஒரு முக்குகூட இல்லை, ஒன்றைத் தவிர. மேற்கே எல்லைக்குப் போகும் சாலை வட்டத்திலிருந்து பிரிகிற இடம் அது. அதை எடுக்கக் கூடாது, வெளியூரிலிருந்து குடி வர அது ஒன்றுதான் வழி.

குயவர்கள் அந்த வழியாகத்தான் போனார்கள். நம்பி கடைசியாகப் போன கிழவரின் தோளைத் தொட்டான்.

“ஐயா, வீட்டுக்கு வழி இல்ல” என்றார் கிழவர்.

“தெரியும். நான்தான் எடுத்தேன்.”

“ஐயா, வீட்டுக்கு வழி இல்ல” என்று அவர் மறுபடி சொன்னார். அதற்கு மேல் அவரிடம் வாக்கியம் இல்லை. வண்டியைத் தள்ளிக்கொண்டு மேற்கே போனார். சாலை முடிகிற இடத்தில் ஊரும் முடிந்தது. அதற்கப்புறம் கறுப்பாக இருந்தது. இருட்டு என்றும் சொல்ல முடியாது, எதையும் வைக்காத கறுப்பு. வண்டி அதைத் தொட்டது. கிழவரின் குதிகால் கடைசியாகத் தெரிந்தது.

நம்பி அங்கேயே கொஞ்ச நேரம் நின்றான். அவனுக்கு அழுகை வந்தது. அழுதுகொண்டிருக்கும்போதே வளைவுப் பக்கமிருந்து பேச்சியம்மாளின் குரல் கேட்டது. அவள் அவன் வீட்டைக் கடந்துகொண்டிருந்தாள். அழுகை பாதியில் நின்றுவிட்டது.

அதன் பிறகு வீடு மளமளவென்று உயர்ந்தது. ஓடு வந்தது. மச்சு வந்தது. வட்டச் சாலையில் ஒருவர் பின் ஒருவராக வரத் தொடங்கினார்கள். வைத்தியர் கடந்தார், நாவிதர் கடந்தார், பூசாரி கடந்தார். ஒருவரும் உள்ளே வரவில்லை. வைத்தியர் கடந்தாலே செண்பகத்தின் சளி போய்விட்டது. நாவிதர் கடந்தபோது நம்பியின் மீசை திருத்தமானது.

ஆனால் வீடு உயர உயரக் குறையும் உயர்ந்தது. நம்பி ஒவ்வொரு நாளும் காலையில் அவள் தோளைத் தொட்டான். கிணறு கேட்ட வாய் எண்ணெய் கேட்டது. எண்ணெய்க்காரர் வந்ததும் கூத்து மேடை கேட்டது. மேடை வந்ததும் அயல்நாட்டுக் கண்ணாடிப் பாத்திரம் கேட்டது. துறையில் கப்பல் வரும்வரை நம்பி ஆற்றங்கரையில் உட்கார்ந்து நகம் கடித்தான். ஓலைநாயகம் அவனுக்குக் கீழே ஈர மணலில் உட்கார்ந்திருந்தார்.

“கண்ணாடி வரலன்னா?”

“குடி கெளம்பும்.”

“அவளுக்குக் கண்ணாடிப் பாத்திரமே பிடிக்காது. கழுவையில ஒடஞ்சிரும்னு சொல்லுவா.”

“வீடு கேக்கு” என்றார் ஓலைநாயகம். “வாய்தான் அவங்களுது.”

கப்பல் வந்தது. கண்ணாடி வந்தது. வீட்டுக்கு முற்றமும் தூண்களும் முளைத்தன. அடுக்களைக்கும் கூடத்துக்கும் நடுவில் ஒரு நடைவழி வந்தது. முதல் நாள் அது சாதாரண நடை. பிறகு தினமும் நீண்டது. செண்பகம் காபியை எடுத்துக்கொண்டு அந்தக் கோடியில் புறப்படுவது கூடத்திலிருந்து தெரியும். வந்து சேரும்போது காபி ஆறியிருக்கும். போகப் போக அவள் சூடு பண்ணுவதை நிறுத்திவிட்டு ஆறின காபியையே எடுத்துவந்தாள்.

“எப்படி இருக்கு வீடு?” என்று ஒருநாள் நம்பி கேட்டான்.

செண்பகம் வாயைத் திறந்தாள். சொல்லத் தொடங்குவதற்கு அவளுக்குக் கொஞ்சம் நேரம் பிடிக்கும், எப்போதும் அப்படித்தான். நம்பிக்குப் பொறுமை இல்லை. எட்டித் தோளைத் தொட்டுவிட்டான்.

“ஐயா, இன்னொரு கோயில் இருந்தா வீடு மாளிகை ஆயிரும்” என்றாள்.

நம்பி கோயிலை வைத்தான். கொல்லர் தெரு இருந்த இடம் காலியாகத்தான் கிடந்தது. வீடு மாளிகை ஆயிற்று. முத்துறையில் முதல் மாளிகை அதுதான். ஓலைநாயகம் எழுந்து நின்று கும்பிட்டார், உடனே உட்கார்ந்துகொண்டார்.

மறுநாள் காலையில் தையல் மிஷின் ஓடவில்லை.

செண்பகம் பெடலை மிதித்தாள். அது கல் மாதிரி நின்றது. எண்ணெய் விட்டாள். பெல்ட்டைக் கழற்றி மாட்டினாள். பக்கத்தில் பாளையங்கோட்டைப் பிளவுஸ்கள் வெட்டினபடி கிடந்தன. ஹெட்மிஸ்ட்ரஸ் அம்மாவுடையது, பூக்கடைக்காரியின் மகளுக்குக் கல்யாணத்துக்குத் தைப்பது, இன்னும் யார் யாருடையதோ. முத்துறைக்கு வந்த நாள் முதல் அவள் விளக்கு வெளிச்சத்தில் கண்ணைச் சுருக்கிக்கொண்டு அவற்றைத்தான் தைத்துக்கொண்டிருந்தாள். மாளிகைக்கு எவ்வளவோ முளைத்தது. மிஷினுக்கு நேரே மட்டும் சுவர் சுவராகவே இருந்தது.

“இது ஏன் ஓட மாட்டேங்கு?” என்று நம்பி ஓலைநாயகத்தைக் கேட்டான்.

“மாளிகைக்காரங்க வேலை செய்ய மாட்டாங்க.”

“அவளுக்குச் செய்யணும்.”

“செய்ய மாட்டாங்க” என்றார் ஓலைநாயகம். அது தடையும் இல்லை, உத்தரவும் இல்லை. மழை பெய்யும் என்பதுபோலச் சொன்னார்.

விளையாடத் தெரிந்தவர்களுக்கு இதுவும் தெரிந்திருக்க வேண்டும். வீட்டை அளவுக்கு மேல் உயர்த்தினால் அங்கே இருப்பவர்கள் வேலையிலிருந்து கழன்றுவிடுவார்கள். எல்லோரையும் மாளிகையில் வைத்துவிட்டு, வயலில் ஆளில்லாமல் ஊரைப் பட்டினி போட்ட கெட்டிக்காரர்கள் நிறைய உண்டு. நம்பியும் இரண்டொரு ஊரை அப்படி மூழ்கடித்திருக்கிறான். இருந்தும் மறந்தான். மாளிகையைக் கண்டால் அவனுக்கு மற்றதெல்லாம் மறந்துபோகும்.

செண்பகம் பிளவுஸ் துணிகளை மடித்தாள். மிஷினை இழுத்துக்கொண்டு நடை வழியாக வந்தாள். அன்றைக்கு அவள் வந்து சேர மத்தியானம் ஆயிற்று. வாசலில் ஏற்கனவே ஒரு கைவண்டி நின்றுகொண்டிருந்தது.

“நான் போறேங்க” என்றாள்.

“எங்க?”

“பாளையங்கோட்டைக்கு. துணியெல்லாம் குடுக்கணும். எனக்கு இங்கன முடியல.”

“மேக்க பாளையங்கோட்டை இல்ல செண்பகம். மேக்க ஒண்ணுமே இல்ல. நான் பாத்தேன்.”

“நீங்க மேலேருந்து பாத்திருப்பிய.”

“இல்ல, கிட்டப்போய்ப் பாத்தேன். கறுப்பா இருக்கு. போனா இல்லாமப் போயிருவ.” அவன் வண்டியின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டான். “ஒனக்கு என்ன குறை வச்சேன்? கேட்டதெல்லாம் வச்சேனே.”

“நான் எப்ப கேட்டேன்?”

“தெனமும் தோளத் தொட்டேன்லா?”

“தொட்டிய” என்றாள் செண்பகம். “கேக்கல.”

அவள் துணிகளை வண்டியில் போட்டு, மிஷினைத் தூக்கி வைத்தாள். அதற்கு அவன் ஒரு பக்கம் கை கொடுத்தான். கனமான சாமான், ஒரு ஆளால் முடியாது. வைத்த பிறகுதான் தான் செய்தது அவனுக்கு உறைத்தது. அவள் வண்டியைத் தள்ளிக்கொண்டு வட்டச் சாலையில் இறங்கினாள்.

நம்பி குறுக்கே வயலில் விழுந்து ஓடினான். மேற்கு முக்குக்கு அவளுக்கு முன்னால் போய்ச் சேர்ந்தான். யோசிக்கவே இல்லை. விரலை நீட்டி “இடி” என்றான். எல்லைச் சாலையில் ஒரு கட்டம் போயிற்று. அந்த இடத்தில் புல் முளைத்தது. அவ்வளவுதான், முத்துறையில் இப்போது முக்கே கிடையாது.

செண்பகம் வந்தாள். புல்லைப் பார்த்தாள். அவள் கால் வட்டத்தோடு திரும்பியது. அவளாகத் திருப்பியதுபோலத் தெரியவில்லை. பேச்சியம்மாளுக்குப் பின்னால், வைத்தியருக்கு முன்னால், அவள் வண்டியைத் தள்ளிக்கொண்டு போனாள்.

நம்பிக்கு முதலில் உயிர் வந்தது. போகவில்லை. இருக்கிறாள். வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டான். சுற்று முடிந்து அவள் வீட்டைக் கடந்தாள். அவனைப் பார்த்தாள். நிற்கவில்லை, நிற்க முடியவில்லை. மறுபடி கடந்தாள். அவள் கடக்கக் கடக்க வட்டத்திலிருந்த வீடுகளில் எல்லாம் கிழிந்த துணிகள் தைத்துக்கொண்டன. ஜனங்கள் வாசலில் நின்று சந்தோஷப்பட்டார்கள்.

“தையல்காரி சேவை” என்றார் ஓலைநாயகம். “புதுசு. ஊருக்கு நல்லது. இப்படி ஒண்ணு இருக்குன்னே தெரியாம இருந்துருக்கோம்.”

“அவளுக்குக் கால் வலிக்காதா?”

“வலிக்கும்.”

“உக்கார முடியாதா?”

“உக்காந்தா சேவை நின்னுரும்லா?”

செண்பகம் அடுத்த சுற்று வந்தபோது செருப்பில்லாமல் வந்தாள். பிய்ந்துபோயிருக்க வேண்டும். நம்பி எழுந்து அவள் கூடவே கொஞ்ச தூரம் ஓடினான். தண்ணீர் கொடுத்தான். நடந்தபடியே குடித்தாள். அவள் அவனைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. “போதும்ங்க” என்று சொம்பைத் திருப்பிக் கொடுத்தாள். அந்தப் ‘போதும்’ தண்ணீருக்கா என்று அவனுக்குத் தெரியவில்லை. கேட்டிருக்கலாம். வைத்தியர் பின்னால் வந்து இடித்துக்கொண்டதால் ஒதுங்கிவிட்டான்.

அவள் இருக்கிறாள் என்பதற்கும் அவளை நிறுத்தி வைத்திருக்கிறோம் என்பதற்கும் உள்ள வித்தியாசம் அவனைக் கொல்லத் தொடங்கியது. அவள் தூரத்தில் ஒரு புள்ளியாகத் தெரியும்போதெல்லாம் நாற்காலியை விட்டு எழுந்துகொண்டான். அவள் வந்தால் வேதனை, வர நேரமானால் அதைவிட வேதனை. கடைசியில் அவன் முடிவெடுத்தான். எடுத்த கட்டத்தைத் திரும்ப வைத்துவிட வேண்டும். வைத்துவிட்டு அந்த முக்கிலேயே நிற்க வேண்டும். அவள் வருவாள். தோளைத் தொடக் கூடாது. செண்பகம், ஒனக்கு என்ன வேணும்னு இப்பக் கேக்கேன், நீ இல்லாம எனக்கு முடியாது, போகாத. இதைச் சொல்ல வேண்டும். அவள் யோசித்துப் பதில் சொல்லும்வரை வாயை மூடிக்கொண்டு நிற்க வேண்டும். அதன் பிறகு அவள் கால் எந்தப் பக்கம் திரும்புகிறதோ திரும்பட்டும்.

“வச்சா வேலை கெடும்” என்றார் ஓலைநாயகம். “சந்தைக்காரியும் மேக்க போயிருவா.”

“போகட்டும்.”

“வீடு எறங்கிரும்.”

“எறங்கட்டும்வே” என்றான் நம்பி. ஓலைநாயகத்தை அவன் ‘வே’ போட்டுப் பேசியது அதுதான் முதல் தடவை.

முக்குக்குப் போய் விரலை நீட்டினான். தரை பச்சையானது. “சாலை” என்றான். முதல் தடவையிலேயே சரியான இடத்தில் விழுந்தது. இத்தனை நாளில் அப்படி விழுந்ததே இல்லை. நம்பி அதை நல்ல சகுனமாக எடுத்துக்கொண்டான். சொல்ல வேண்டியதை மனதுக்குள் திரும்பத் திரும்பச் சொல்லிப் பார்த்தான். பரீட்சைக்குப் போகிற பையன்போல உதடு அசைந்தது.

பேச்சியம்மாள் வந்தாள். கால் மேற்கே திரும்பியது. கூடையோடு போனாள். நம்பி அவளைப் பார்க்கவில்லை. அவளுக்குப் பின்னால் செண்பகம் வந்துகொண்டிருந்தாள். முகம் வெயிலில் கறுத்திருந்தது. வண்டியில் மிஷினுக்குப் பக்கத்தில் பிளவுஸ்கள் அவள் சுற்றிய சுற்றில் தாமாகவே தைத்துக்கொண்டு அடுக்கியிருந்தன. முக்கைப் பார்த்ததும் அவள் நடை மெதுவாயிற்று. அவனுக்கு நேரே வந்து நின்றாள்.

நின்றாள்! சாலையில் போகிறவர்கள் யாரும் தாங்களாக நின்று நம்பி பார்த்ததில்லை.

அவன் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டான். வாயைத் திறந்தான். சொல் வரவில்லை. தொண்டையைச் செருமினான். செண்பகம் காத்திருந்தாள். அவன் முகத்தையே பார்த்துக்கொண்டு, அவசரமில்லாமல், ரொம்ப நேரம் காத்திருந்தாள். பின்னால் வைத்தியரும் நாவிதரும் பூசாரியும் வரிசையாக வந்து நின்றார்கள். வரிசை வளைந்து கண்ணுக்கெட்டாத தூரம் போயிற்று. நம்பி “செண்பகம்” என்றான். அதற்கு மேல் போகவில்லை.

அவள் வண்டியை விட்டுக் கிட்டே வந்தாள். அவனுக்கு உதவி செய்கிறவளைப்போலக் கையை நீட்டி, பிரியமாக, அவன் தோளைத் தொட்டாள்.

நம்பியின் கண் நேரே நிலைத்தது.

“அம்மா, இந்த ஊர்ல எனக்கு ஒரு குறையும் இல்ல” என்றது அவன் வாய். “நல்ல ஊரு.”

செண்பகம் கையை எடுத்தாள். அவன் வேறு ஏதாவது சொல்கிறானா என்று கொஞ்சம் பார்த்தாள். அவன் தலையை ஆட்டினான், கையை ஆட்டினான், அதில்லை அதில்லை என்று சொல்லப் பார்த்தான். மறுபடி அதே வாக்கியம்தான் வந்தது.

“அப்பச் சரி” என்றாள் செண்பகம்.

வண்டியின் கைப்பிடியைப் பிடித்தாள். மேற்கே திருப்பினாள். அவளாகத்தான் திருப்பினாள், அதில் சந்தேகமில்லை.